முதல் உறுப்பில் 'ஒன்றியம்' என்று எழுதியது ஏன்? 'கூட்டாட்சி' எங்கே போனது?

கதிர்_தேர்வர்

எல்லோருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். "மாநிலங்களின் ஒன்றியம்" என்கிறது சட்டம். வழிகாட்டி நூல்களோ இந்தியா கூட்டாட்சி நாடு என்கின்றன. அடுத்த வரியிலேயே "ஒற்றையாட்சித் தன்மை கொண்ட" என்று ஒரு கொக்கியும் போடுகின்றன. பயிற்சி வகுப்பில் கேட்டதற்கு, கூட்டாட்சி அம்சம் இத்தனை, ஒற்றையாட்சி அம்சம் இத்தனை, மனப்பாடம் செய்துகொள் என்றார்கள். மனப்பாடம் ஆகிவிட்டது, புரியத்தான் இல்லை.

கூட்டாட்சி என்ற சொல்லை ஏன் வைக்கவில்லை? மாநிலங்களைக் கேட்டுத்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார்களா?

எல்லைக்கோடு

கேட்கவில்லை தம்பி. கேட்பதற்கு அன்றைக்கு மாநிலங்களே கிடையாது. அமெரிக்காவில் முதலில் 13 மாநிலங்கள் தனித்தனியாக இருந்தன. 1787ல் பிலடெல்பியாவில் கூடி எழுதினார்கள், 9 மாநிலங்கள் ஏற்றால்தான் செல்லும் என்று விதி வைத்தார்கள். நம்முடைய மாகாணங்கள் வெள்ளைக்காரன் நிர்வாக வசதிக்காக வெட்டிய துண்டுகள். சென்னை மாகாணம் ஒரு நாடாக இருந்து வந்து இந்தியாவோடு சேரவில்லை. அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்தபோது இதைத்தான் சொன்னார்: இது அலகுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் உருவானதல்ல, ஆகவே எந்த அலகுக்கும் பிரிந்துபோகும் உரிமை இல்லை, அதனால்தான் 'ஒன்றியம்'. விஷயம் அவ்வளவுதான்.

பழைய_ஏடு

எல்லைக்கோடு சொன்னது சரி. ஆனால் "அவ்வளவுதான்" என்று நிறுத்திவிட முடியாது. பணி ஓய்வுக்குப் பிறகு அரசியல் நிர்ணய சபை விவாதங்களைத் தொகுதி தொகுதியாகப் படித்து வருகிறேன். அதில் என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு.

1946 மே 16 அன்று பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு ஒரு திட்டத்தை வெளியிட்டது. ஒன்றியத்துக்கு மூன்றே துறைகள்: வெளியுறவு, பாதுகாப்பு, தகவல்தொடர்பு. மீதி எல்லாம் மாகாணங்களுக்கு, பட்டியலில் இல்லாத எஞ்சிய அதிகாரம் உட்பட. இந்தச் சட்டகத்துக்குள்தான் சபை 1946 டிசம்பர் 9 அன்று கூடியது. டிசம்பர் 13 அன்று நேரு குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1947 ஜனவரி 22 அன்று அது நிறைவேறியது. அதைப் பாடப்புத்தகத்தில் முகப்புரையின் தாய் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று மூன்றாவது பத்தியைப் படியுங்கள். நிலப்பகுதிகள் "தன்னாட்சி அலகுகள்" என்ற தகுதியோடு இருக்கும், எஞ்சிய அதிகாரங்களும் அவற்றிடமே இருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. முஸ்லிம் லீக் சபையைப் புறக்கணித்திருந்த காலம் அது. அவர்கள் வருவார்கள் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்தக் கதவின் விலைதான் பலம் குறைந்த ஒன்றியம்.

ஜூன் 3 அன்று பிரிவினை அறிவிக்கப்படுகிறது. ஜூலை 5 அன்று, நேரு தலைமையில் இயங்கிய ஒன்றிய அதிகாரங்கள் குழுவின் இரண்டாவது அறிக்கை வருகிறது. பிரிவினை முடிவாகிவிட்ட நிலையில் பலவீனமான மைய அரசு நாட்டுக்குக் கேடு என்பதில் குழு ஒருமனதாக இருக்கிறது என்று அதில் எழுதுகிறார்கள். எஞ்சிய அதிகாரம் மாகாணங்களின் கையிலிருந்து ஒன்றியத்தின் கைக்குப் போகிறது. இன்றைக்கு நாம் 248ஆம் உறுப்பு என்று படிப்பது அதைத்தான்.

தீர்மானம் நிறைவேறியது ஜனவரியில், தலைகீழானது ஜூலையில். ஆறு மாதம் கூட முழுதாக ஆகவில்லை, கதிர். கூட்டாட்சியா ஒற்றையாட்சியா என்று அம்சங்களை எண்ணுவதைவிட இந்த ஆறு மாதத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பலமான மையம் என்பது ஆதியிலிருந்தே எல்லோரும் ஒப்புக்கொண்ட தத்துவம் அல்ல. அது ஒரு நெருக்கடியில் எடுத்த முடிவு. அந்த நெருக்கடி முடிந்துபோனது, முடிவு நிலைத்துவிட்டது. இதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லைக்கோடு

ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். அம்பேத்கர் பிரிவினைக்கு முன்பே, 1946 டிசம்பர் 17 அன்று சபையில் பேசும்போதே, பிரிட்டிஷார் கொண்டுவந்த 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இருந்ததைவிட பலமான மையம்தான் தனக்கு விருப்பம் என்றார். ஆகவே எல்லாவற்றையும் நெருக்கடியின் கணக்கில் எழுத முடியாது. சாதி ஆதிக்கம் உள்ளூரில்தான் வேர் விட்டிருக்கிறது, அதை உடைக்க மேலே ஒரு பலமான கை வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இணைக்கவேண்டிய நேரமும் அதுதான். பலவீனமான மையம் இருந்திருந்தால் ஐதராபாத் என்ன ஆகியிருக்கும்?

பழைய_ஏடு

டிசம்பர் 17 உரையை நினைவுபடுத்தியதற்கு நன்றி. அதை நான் சொல்லியிருக்க வேண்டும், ஏற்கிறேன். அம்பேத்கரின் விருப்பம் முன்பே இருந்தது. ஆனால் சபையின் முடிவு அப்போது அவர் பக்கம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சொல்லைப் பற்றிக் கேட்டாயே கதிர், அதற்கு வருகிறேன். வரைவுக்குழு 1948 பிப்ரவரியில் வரைவை ஒப்படைத்தபோது இணைத்த கடிதத்திலேயே விளக்கம் இருக்கிறது. பெயரில் பெரிதாக ஒன்றும் இல்லை, கனடாவின் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்புரை நடையைப் பின்பற்றி 'ஒன்றியம்' என்று எழுதினோம், கட்டமைப்பில் இது கூட்டாட்சியாக இருக்கலாம் என்பது அதன் சாரம். பிறகு 1948 நவம்பர் 15 அன்று கே.டி. ஷா என்ற உறுப்பினர் முதல் உறுப்பில் 'மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோஷலிச' என்ற மூன்று சொற்களையும் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது. அந்த மூன்றில் இரண்டு 1976ல் 42ஆவது திருத்தத்தின் வழியாக முகப்புரையில் ஏறின. ஏறாமலே நின்ற ஒரே சொல் 'கூட்டாட்சி'.

தென்றல்_77

அப்படியானால் 'மத்திய அரசு' என்பது சட்டத்தில் இல்லவே இல்லை, 'ஒன்றிய அரசு'தான் சரி என்று 2021ல் பெரிய வாதம் ஓடியதே, அது சரியா?

நீதிவாசல்

கிட்டத்தட்ட சரி. 1950ல் நடைமுறைக்கு வந்த உறுப்புகள் 'ஒன்றியம்', 'இந்திய அரசு' என்றே போகின்றன. 'மத்திய அரசு' என்பதற்கான வரையறை 1897ஆம் ஆண்டின் பொதுச் சொற்கூறுகள் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் "இல்லவே இல்லை" என்று மேடையில் பேசிவிடாதீர்கள். 2016ல் ஜிஎஸ்டிக்காகச் சேர்த்த 279அ உறுப்பில், ஜிஎஸ்டி மன்றத்து வாக்குகளின் எடையைச் சொல்லும் இடத்தில் அந்தச் சொல் வந்துவிட்டது.

கதிர், நான் வழக்கறிஞர். ஒரு நாட்டின் கூட்டாட்சி எப்படி வேலை செய்கிறது என்பதை அதன் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மசோதா எந்த வழியாகப் போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள், பிடிபட்டுவிடும். ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல். 1950ல் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப்பட்டியலில் 47 இனங்கள், அதாவது சட்டம் போடுவதற்கான தலைப்புகள். மூன்று பட்டியல் என்ற அமைப்பே 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்ததுதான். சண்டை எல்லாம் பொதுப்பட்டியலில். இருவரும் சட்டம் போடலாம், மோதினால் நாடாளுமன்றச் சட்டம் நிற்கும். இது 254(1). ஆனால் 254(2) என்று ஒரு சந்து இருக்கிறது: மாநில மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால், மோதல் இருந்தாலும் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே நிற்கும்.

இரண்டு மசோதாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

விலங்குவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் 17ஆவது இனம். 1960ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தை வைத்து உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது. 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா, 31ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். எட்டே நாள். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

இனி நீட் விலக்கு மசோதா. சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 8ஆம் தேதி சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. பிறகு குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்.

இரண்டும் ஒரே உறுப்பு, ஒரே கதவு. ஒன்று எட்டு நாளில் திறந்தது, இன்னொன்று மூன்று ஆண்டுக்கு மேல் காத்துக் கிடந்து மூடியது. குடியரசுத் தலைவர் முடிவெடுப்பது ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படி. ஆகவே 254(2) மாநிலத்துக்கு உரிமை தருகிறது என்று புத்தகத்தில் எழுதியிருந்தால், பக்கத்தில் 'தில்லி சம்மதித்தால்' என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லைக்கோடு

இரண்டும் ஒன்றல்லவே, வழக்கறிஞரம்மா. நீட் உயர்கல்வித் தரம் பற்றியது. அது ஒன்றியப் பட்டியலின் 66ஆவது இனம். மாடுபிடிப்பதற்கும் நாடு முழுவதற்குமான மருத்துவக் கல்வித் தரத்துக்கும் ஒரே தராசா?

நீதிவாசல்

66ஆவது இனத்தைப் பற்றிய வாதம் வலுவானது, நீதிமன்றத்தில் நானும் அதற்குப் பதில் தேடித்தான் ஆகவேண்டும். என் மனக்குறை ஒப்புதல் மறுப்பைப் பற்றியது மட்டும் அல்ல. மறுப்பதற்குக் காலக்கெடு கிடையாது, காரணம் சொல்லும் கட்டாயமும் உறுப்பில் எழுதப்படவில்லை. "மாட்டேன்" என்று மூன்றாம் மாதத்தில் சொல்லியிருந்தால் மாணவர்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று. கல்வி 1950ல் எங்கே இருந்தது தெரியுமா? மாநிலப் பட்டியலில், 11ஆவது இனமாக. நெருக்கடி நிலைக் காலத்தில் 42ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. காடு, வனவிலங்குப் பாதுகாப்பு, எடை அளவை, கீழ்நிலை நீதிமன்ற அமைப்பு எல்லாம் அதோடு போயின. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த நேரம். பட்டியலை மாற்ற குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும் என்று 368ஆம் உறுப்பு சொல்கிறது. அந்த ஒப்புதலும் கிடைத்தது. தமிழ்நாட்டில் அப்போது சட்டமன்றமே இல்லை. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள்.

கதிர்_தேர்வர்

அக்கா, இந்தக் கடைசி வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் 356ஆம் உறுப்பு ஒரு பாடம், 42ஆவது திருத்தம் ஒரு பாடம் என்று தனித்தனியாகப் படித்துவிட்டேன். இரண்டும் ஒரே ஆண்டு என்பது மண்டையில் ஏறவே இல்லை.

பழைய_ஏடு

356ஐ எழுதும்போது, இது ஒருபோதும் பயன்படாமல் செத்த எழுத்தாகக் கிடக்கும் என்று நம்புவதாக அம்பேத்கர் 1949 ஆகஸ்டில் சொன்னார். நூறு தடவைக்கு மேல் பயன்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991. இதில் 1991 ஜனவரி 30 தனிக் கதை. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். உறுப்பில் "ஆளுநரின் அறிக்கை பெற்றோ வேறுவகையிலோ" என்று இருக்கிறதே, அந்த 'வேறுவகையிலோ'வைப் பிடித்துக்கொண்டு கலைத்தார்கள். 1994 மார்ச் 11 அன்று, கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள், பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்கவேண்டும், கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம், கூட்டாட்சி என்பது திருத்தம் போட்டும் அழிக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது என்றார்கள். முதல் உறுப்பில் ஷா கேட்டும் கிடைக்காத சொல் 46 ஆண்டு கழித்துத் தீர்ப்பு வழியாக உள்ளே வந்தது.

வரவுசெலவு

தாமதமாக வருகிறேன். அதிகாரத்தைப் பேசுகிறீர்கள், பணத்தைத் தொடவே இல்லையே. நான் ஒரு மாநிலத் துறையில் கணக்குப் பிரிவில் 24 ஆண்டு இருந்தவன்.

ஒன்றிய அரசு நிதியுதவித் திட்டம் என்றால் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றியம் 60, மாநிலம் 40. காகிதத்தில் அழகாக இருக்கும். எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் தவணை வரும். செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் இரண்டாம் தவணை. சான்றிதழில் ஒரு தலைப்புக்குள் 11,000 ரூபாய் இடம் மாறி எழுதப்பட்டதற்காக ஒரு வருடம் முழுத் தவணையும் நின்றது. விளக்கம் எழுதினோம், அந்த விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். மார்ச் 28 அன்று பணம் வந்தது, 31க்குள் செலவாகவேண்டும். ஒப்பந்த ஊழியர்கள் நாலு மாதம் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். தினமும் காலையில் என் மேசைக்கு வந்து "சார், வந்திடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போன ஒரு அம்மாவின் முகம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தூரத்தில் இருக்கும் ஒரு கையில் சாவி இருந்தால் இப்படித்தான் ஆகும்.

சட்டப்படி வரவேண்டிய பங்கு வேறு. 280ஆம் உறுப்பின்படி நிதிக் குழு அமைக்கப்பட்டு, பகிரக்கூடிய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கும். 14ஆவது குழு 42 சதவீதம், 2021-26க்கு 15ஆவது குழு 41. அந்த 41ல் தமிழ்நாட்டுக்கு 4.079, உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. இதை வைத்து மாநிலத்துக்கு மாநிலம் சண்டை போடுகிறோம். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். எனக்கு வலிப்பது 'பகிரக்கூடிய' என்ற அந்தச் சொல். செஸ் எனப்படும் மேல்வரி, கூடுதல் தீர்வை இரண்டும் அந்தப் பாத்திரத்துக்குள் வராது. பெட்ரோல் மீது செஸ் போட்டால் முழுவதும் தில்லிக்கு.

எல்லைக்கோடு

பணத்தில் உங்களோடு வாதாடமாட்டேன். பலமான மையம் வேண்டும் என்பவன்தான் நான். படையும் எல்லையும் அதனிடம் இருக்கட்டும். சம்பளத் தவணையை நிறுத்திவைக்கும் பலம் 1947ல் யாரும் கேட்ட பலம் இல்லை.

பழைய_ஏடு

அன்றைக்கே ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். சென்னை மாகாணத்திலிருந்து போன கே. சந்தானம். 1947 ஆகஸ்டில், அந்த இரண்டாவது அறிக்கை விவாதத்துக்கு வந்தபோது எழுந்து, என் மக்களுக்குக் கல்வி கொடுக்க முடியவில்லை, சுகாதாரம் கொடுக்க முடியவில்லை, சாலை போடப் பிச்சை போடுங்கள் என்று மாகாணம் மையத்திடம் வந்து நிற்கும் அரசியலமைப்பு எனக்கு வேண்டாம் என்ற பொருளில் பேசினார். நாடு விடுதலை அடைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே சந்தானம் பின்னாளில் இரண்டாவது நிதிக் குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

கதிர்_தேர்வர்

மாநிலங்களைக் காக்கத்தான் மாநிலங்களவை என்று படித்தேனே, அது என்ன செய்கிறது?

நீதிவாசல்

பெயர்தான் மாநிலங்களவை. அமெரிக்க மேலவையில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எதுவானாலும் இரண்டு இடம். இங்கே மக்கள்தொகைப்படி. உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, கோவாவுக்கு 1. தேர்ந்தெடுக்கப்படுபவர் அந்த மாநிலத்தில் வசிக்கவேண்டும் என்ற விதியையும் 2003ல் எடுத்துவிட்டார்கள், 2006ல் உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. மூன்றாம் உறுப்பையும் சேர்த்துப் படியுங்கள். மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்கவேண்டும், ஏற்கவேண்டியதில்லை. 2014 ஜனவரி 30 அன்று ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியிலேயே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தெலங்கானா மக்களின் கோரிக்கை நியாயமானது என்று நினைப்பவள் நான். அந்த வழி எனக்கு உறுத்துகிறது.

கதிர்_தேர்வர்

கடைசியாக ஒன்று மட்டும். எஞ்சிய அதிகாரம் ஜனவரியில் மாகாணத்திடம், ஜூலையில் ஒன்றியத்திடம் என்றீர்கள் ஐயா. பட்டியலில் இல்லாதது என்றால் பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது? அதனால் நடைமுறையில் என்ன வித்தியாசம்?

பழைய_ஏடு

1947ல் அவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். பட்டியலே இவ்வளவு நீளம், மிஞ்சுவது சொற்பம் என்று. வரவுசெலவு, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

வரவுசெலவு

சொல்கிறேன். பொருள் விற்றால் வரி போடும் அதிகாரம் மாநிலப் பட்டியலில் இருந்தது. பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்ததே நம் சென்னை மாகாணம்தான், 1939ல், ராஜாஜி ஆட்சியில். ஆனால் சேவைக்கு வரி என்று மூன்று பட்டியலிலும் எதுவும் இல்லை. 1950ல் யார் அதை நினைத்தார்கள்? 1994ல் தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு என்று மூன்றே மூன்று சேவைக்கு 5 சதவீதம் வரி போட்டார்கள். எந்த இனத்தின் கீழ்? ஒன்றியப் பட்டியலின் கடைசி இனமான 97, எஞ்சிய அதிகாரம். அந்த மூன்று சேவை நூற்றுக்கு மேல் வளர்ந்து, 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டிக்குள் போகும்வரை ஒன்றிய அரசு விதித்த வரியாகவே இருந்தது. இப்போது ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு வேண்டியது நான்கில் மூன்று. அத்தனை மாநிலங்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் எட்டாது.

1947 ஜனவரி 22 வாசகம் அப்படியே நின்றிருந்தால் 1994ல் அந்த வரியைப் போட்டிருக்கவேண்டியது சென்னைக் கோட்டையில் இருக்கும் அரசு.

கதிர்_தேர்வர்

குறித்துக்கொண்டேன் ஐயா. ஜனவரி 22 பத்தியையும் 248ஐயும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன்.